சம்பந்தி வாங்கிக் கொடுத்த பியர்

...இல்லை, இதை வாசனை என்று சொல்லக் கூடாது, வாசனை என்றால் அது மூக்கைத் தேடி வர வேண்டும், இது வரவில்லை, தம்ளருக்குள்ளேயே குந்திக்கொண்டு வேண்டுமானால் நீ வா என்கிறது, சரி போகிறேன், குனிகிறேன், மூக்கை விளிம்புக்குள் விடுகிறேன், என்ன இருக்கிறது உள்ளே, வேகவைத்த சோளம், சோளம்கூட இல்லை, சோளம் வேகவைத்து வடித்த தண்ணீர், அதுவும் நேற்று வடித்தது, அதற்குப் பின்னால் ஏதோ உலோகம், வியர்த்த கைக்குள் ரொம்ப நேரம் பொத்திவைத்திருந்த சாவி மாதிரி, அதற்கும் பின்னால்... ஒன்றுமில்லை, ஒரு பெரிய காலிக் கொட்டகை. அறுவடைக்கு முன்னால் கூட்டிப் பெருக்கிவைத்த தானியக் கிடங்குக்குள் தலையை நீட்டினால்கூட இதைவிட ஏதாவது வரும், ஒரு எலியாவது செத்துக் கிடக்கும். போடு ஓரெஸ்ட், மதிப்பெண் போடு, வின்னிபெக் வரைக்கும் போய்ப் பரீட்சை எழுதி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் வாங்கி வந்தவனாயிற்றே நீ, இந்த வில்லோ பெண்ட் ஊரில் பியருக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்ற ஒரே ஆள், வேறு யாரும் அந்தத் தகுதிக்கு ஆசைப்படவில்லை என்பதை இப்போது ஏன் ஞாபகப்படுத்த வேண்டும், வாசனைக்குப் பன்னிரண்டு மதிப்பெண், அதில் எத்தனை... இரண்டு. ஒன்று, இது திரவமாக இருப்பதற்கு. இன்னொன்று, சம்பந்தி வாங்கிக் கொடுத்ததற்கு.

சம்பந்தி எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் சம்பந்தி ஆகவில்லை, ஜூன் மாதம்தான் ஆகப்போகிறார், ஆனால் நிச்சயம் பண்ணின அன்றைக்கே தோளில் கை போட்டு அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார், லோர்ன் மக்கைவர், டிராக்டர் விற்கிறவர், விற்றதைப் பழுதும் பார்க்கிறவர், என் மகள் லாரிசா கட்டிக்கொள்ளப்போகும் ப்ரெண்டனைப் பெற்றவர், சற்று முன்பு அந்தக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பனித்தளத்தில், கல்லைச் சறுக்கிவிட்டு வட்டத்துக்கு நடுவே நிறுத்துகிற கர்லிங் ஆட்டத்தில், என் அணியை மண்ணைக் கவ்வ வைத்தவர். அதுவும் கடைசிக் கல்லில். கல் என் கையை விட்டுப் போனபோது அழகாகத்தான் போனது, வட்டத்துக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன், என் ஆட்கள் இரண்டு பேர் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே கூட ஓடினார்கள், நான் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன், அது என்னடாவென்றால் பாதி வழியில், வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டவன் மாதிரி, யோசித்து நின்றுவிட்டது. போகட்டும், தோற்பது புதிதில்லை. தோற்றால் என்ன ஆகும் என்பதுதான் கஷ்டம். ஜெயித்தவன் தோற்றவனுக்கு முதல் தம்ளர் வாங்கித் தர வேண்டும், தோற்றவன் மறுக்கக் கூடாது, அதைக் குடித்து முடித்துவிட்டுத் தோற்றவன் பதிலுக்கு ஒன்று வாங்கித் தர வேண்டும், அதுவரை இருவரும் ஒரே மேஜையில் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ, எழுதவே இல்லை, எங்கேயும் எழுதவில்லை, அதனால்தான் யாராலும் அதைத் திருத்தவும் முடியவில்லை. விஸ்கி வேண்டும் என்று கேட்கலாமா என்றால் அதுவும் முடியாது, ஜெயித்தவன் எதைக் குடிக்கிறானோ அதுதான். லோர்ன் எதைக் குடிக்கிறார் என்று கேட்கவே வேண்டாம், கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே குரல் போய்விட்டது, "டோரீன், ரெண்டு மான் குடும்மா." எல்க் ரிட்ஜ் என்று அதற்குப் பெயர், டப்பாவில் ஒரு பெரிய கொம்பு மான் மலை உச்சியில் நின்று எதையோ பார்த்துக் கனைத்துக்கொண்டிருக்கும், எங்கள் கர்லிங் கிளப்பில் யாரும் பெயரைச் சொல்வதில்லை, மான் என்றால் போதும். மலையே இல்லாத ஊரில்.

"என்னய்யா சம்பந்தி, மோந்துக்கிட்டே இருக்க? எங்க வீட்டு நாய் புதுக் கம்பத்தப் பாத்த மாதிரி," என்கிறார். சிரிக்கிறேன். வேறென்ன செய்ய, காலையில் லாரிசா சொல்லி அனுப்பியிருக்கிறாள், சண்டை போடக் கூடாது என்று. அவள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன், ஜன்னலில் வந்து தட்டினாள், "அப்பா, கல்யாணத்துக்கு ஒண்ணு உங்க பியரு, இல்ல அவரு சொல்ற மான். ரெண்டையும் வெக்க ஹால் கமிட்டி விடாது. விளையாடி முடிச்சிட்டு உக்காந்து பேசுங்க, நான் கிளப் சமையக்கட்டுலதான் இருப்பேன், சாயங்காலம் வந்து கேப்பேன். சண்ட போட்டுக்காதீங்க ரெண்டு பேரும்." நான் ஏன் சண்டை போடப்போகிறேன், எனக்கு என்ன, நியாயம் என் பக்கம் இருக்கிறது. பெண்ணின் அப்பன் தன் கையால் காய்ச்சிய பியர் ஒரு பக்கம், தொழிற்சாலையில் குழாய்த் தண்ணீருக்கு மஞ்சள் சாயம் ஏற்றி மானை ஒட்டி அனுப்பினது ஒரு பக்கம், இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது. அடித்தள அறையில் ஐந்து பீப்பாய் இப்போதே ஊறிக்கொண்டிருக்கிறது, கறுப்பாக, கெட்டியாக, புகையில் வாட்டிய பார்லி, அடுப்பில் சுட்ட பீட்ரூட், போதைக்கும் குறைவில்லை, ஜூனுக்குள் பழுத்து நிற்கும். அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன், லாரிசா. சொன்னபோது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு "ஐயோ அப்பா" என்றாள், கண்கூடக் கலங்கிவிட்டது. எனக்கு மேடையில் ஏறிப் பேச வராது, அவளைப் பெற்றதிலிருந்து அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதெல்லாம் தொண்டையிலேயே கட்டியாகக் கிடக்கிறது, சரி, அதை யாராவது குடிக்கட்டும் என்றுதான் பீப்பாயில் ஊற்றினேன்.

குடிக்க வேண்டும். மோந்தது போதும். அதற்கு முன் நிறத்தைப் பார், முறை என்று ஒன்று இருக்கிறதே, தம்ளரைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடி, மஞ்சள், எந்த மஞ்சள் என்று கேட்டால் டாக்டரிடம் சின்னப் புட்டியில் பிடித்துக் கொடுக்கிற மஞ்சள், ஆரோக்கியமான ஆளுடையதுதான், நிறையத் தண்ணீர் குடிக்கிற ஆளுடையது. நுரை? நுரை வந்தது, நான் பார்த்தேன், டோரீன் ஊற்றும்போது இரண்டு விரல் உயரத்துக்கு எழுந்தது, நான் மூக்கைக் கொண்டுபோவதற்குள் கூச்சப்பட்டுப் படுத்துவிட்டது, இப்போது ஓரத்தில் சோப்புத் தண்ணீர் மாதிரி நாலு குமிழி. ஆனால் தெளிவு... தெளிவைச் சொல்ல வேண்டும், அநியாயமாகப் பேசக் கூடாது, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற லோர்னின் மீசை முடி ஒவ்வொன்றும் தெரிகிறது. அவர் தன் தம்ளரில் என்ன செய்கிறார்... செய்யாதே, கடவுளே, செய்துவிட்டார், தக்காளிச் சாற்றை ஊற்றிவிட்டார், வெறும் தக்காளியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, சிப்பி வேகவைத்த தண்ணீர் கலந்த தக்காளிச் சாறு, எந்த மனிதன் முதன்முதலில் சிப்பியையும் தக்காளியையும் ஒரு புட்டியில் அடைத்தானோ, அதைப் பார்த்து எந்த மனிதன் அட இதைப் பியரில் ஊற்றினால் என்ன என்று நினைத்தானோ, இரண்டு பேரும் எங்கள் மாகாணத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். மேலே உப்பு தூவுகிறார். கட்டை விரலால் கலக்குகிறார். காலையிலிருந்து துடைப்பம் பிடித்த விரல். "ஆஹா," என்கிறார். ஜாடியிலிருந்து வினிகரில் ஊறிய முட்டை ஒன்றை எடுத்து முழுசாக வாய்க்குள் போடுகிறார், கன்னம் இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை வீங்குகிறது, ஹீட்டர் மேல் வரிசையாகக் காய்கிற கம்பளிக் கையுறைகளிலிருந்து நனைந்த ஆட்டு நாற்றம், வினிகர் நாற்றம், சிப்பி நாற்றம், இதற்கு நடுவே என் கையில் நாற்றமே இல்லாத ஒன்று, யோசித்துப் பார்த்தால் இந்த அறையிலேயே சுத்தமான பொருள் இதுதான்... சீ, என்ன நினைப்பு இது.

கவுண்டருக்குப் பின்னாலிருந்து டோரீன் கூப்பிடுகிறாள், "என்ன ஓரெஸ்ட்டு, பேதி மருந்து குடிக்கிற பிள்ள மாதிரி உக்காந்திருக்கீங்க? மூக்கப் பிடிச்சு ஊத்தி விடட்டுமா?" பக்கத்து மேஜையில் இரண்டு அணியின் மிச்ச ஆட்களும் சிரிக்கிறார்கள். குடித்தேன். குடித்துவிட்டேன். ஒரு வாய், வாய் நிறைய, முறைப்படி நாக்கின் மேல் உருட்டி, கன்னத்தின் இரண்டு பக்கமும் கொண்டுபோய்... உருட்ட ஒன்றும் அகப்படவில்லை. இனிப்பா, இனிப்பு மாதிரி ஒன்று, சர்க்கரை போட்டுக் கலக்கிய கரண்டியைத் தண்ணீரில் கழுவினால் அந்தத் தண்ணீரில் இருக்குமே, அது. கசப்பா, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவை ஆலைக்குள் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். குமிழி மட்டும் ஊசி ஊசியாகக் குத்துகிறது, மரத்துப்போன காலில் இரத்தம் திரும்புகிற மாதிரி, பிறகு விழுங்கினேன், விழுங்கின பிறகு வருவது என்று ஒன்று உண்டு, நல்ல பியரில் அதுதான் விஷயமே, தொண்டைக்குக் கீழே போன பிறகுதான் அது பேச ஆரம்பிக்கும், காத்திருந்தேன், வரும் என்று காத்திருந்தேன், சோளம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, அப்புறம் ஈர அட்டைப் பெட்டியை நக்கின மாதிரி ஒன்று வருமா என்று பார்த்தேன், பழசான பியரில் வரும், வரவில்லை. வெண்ணெய் வருமா, சரியாகப் புளிக்காததில் வரும், வரவில்லை. பச்சை ஆப்பிள், வெளிச்சம் பட்ட நாற்றம், எதுவும் இல்லை. படித்த அத்தனை குறைகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன், ஒருத்தரும் ஆஜராகவில்லை. குமட்டுகிறது, ஆனால் எதனால் குமட்டுகிறது என்று கேட்டால் சொல்ல எதுவும் இல்லை, இதுதான் இந்தப் பியரின் கெட்டிக்காரத்தனம், எங்கே தட்டினாலும் தப்புச் சத்தம் வராது, யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து, கடைசியில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

என் பிழைப்பே சேதம் பார்ப்பதுதான். ஆலங்கட்டி மழை விழுந்த மறு வாரம் இன்ஷூரன்ஸ்காரன் வந்து வயலில் இறங்கிக் குனிந்து குனிந்து நடப்பானே, அவன் நான்தான், ஒடிந்த தண்டு எத்தனை, நொறுங்கின காய் எத்தனை, கூட்டிக் கழித்து நூற்றுக்கு இவ்வளவு போச்சு என்று சொல்ல வேண்டும். விவசாயி பக்கத்திலேயே பையில் கையை விட்டுக்கொண்டு நிற்பான், எல்லாம் போச்சு எல்லாம் போச்சு என்று வாயால் சொல்கிறவனுக்கு அவ்வளவாகப் போயிருக்காது. நிஜமாகப் போனவன் ஒன்றும் சொல்ல மாட்டான், காப்பி குடிக்கிறீங்களா சார் என்று கேட்பான், என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பான், நான் சங்கடப்பட்டுவிடக் கூடாதே என்று. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நான் வயலைப் பார்க்கவே வேண்டியதில்லை, ஐந்து சதவீதம் முன்னேபின்னே சொல்லிவிடுவேன், அவ்வளவு பழகிவிட்டது. மனுஷன் முகம்தான் எனக்குத் தெரிந்த படிப்பு, மற்றதெல்லாம்...

"சரி, எப்பிடி இருக்கு? ஜட்ஜய்யா தீர்ப்புச் சொல்லட்டும்," என்கிறார் லோர்ன். கிண்டல்தான், ஆனால் கிண்டலுக்கு அடியில் எதிர்பார்ப்பு, முழங்கையை மேஜையில் ஊன்றி முன்னால் சாய்கிறார், மீசையில் தக்காளி, அவருக்கு இது நிஜமாகவே பிடிக்கும், அப்பன் காலத்திலிருந்து குடிக்கிறார், அவருடைய கல்யாணத்தில் இதுதான், ப்ரெண்டன் பிறந்த அன்றைக்கு இதுதான், இவ்வளவு பெரிய கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் ஓவியத்தைக் காட்டிவிட்டு நிற்கிற மாதிரி என்னைப் பார்க்கிறார், இவரிடம் போய்ச் சோளத் தண்ணீர் என்று எப்படிச் சொல்வது, அதற்கு மனசு வர வேண்டுமே, வேறு ஏதாவது தேடு ஓரெஸ்ட், பொய்யாகவும் இருக்கக் கூடாது, நிஜமாகவும் இருக்கக் கூடாது, "நல்லா... குளிர்ச்சியா இருக்கு," என்றேன். "அதான் பாத்தியா!" என்று மேஜையைத் தட்டினார். நான் சிரித்தேன், இன்னொரு வாய் எடுத்துக் காட்டினேன், தொண்டைக்குள் தள்ளினேன். அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ உள்ளே பனித்தளத்து விளக்குகளை அணைத்தார்கள், வெளியே பிப்ரவரி இருட்டு ஏற்கனவே வந்திருந்தது, கல்லும் வட்டமும் தெரிந்துகொண்டிருந்த கண்ணாடிச் சுவர் சட்டென்று கறுத்து, அதில் நாங்கள் தெரிந்தோம். லோர்னின் முதுகு, முட்டை ஜாடி, அதற்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் தம்ளரை வாயிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறான், உதட்டின் ஓரம் மேலே போயிருக்கிறது, கண் கொஞ்சம் ஈரமாக, அளவுக்கு மீறி விரிந்து, புருவம் சந்தோஷப்படுகிற உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டு, தொண்டை மட்டும் தனியாகக் கீழே ஒரு வேலையை முடித்துக்கொண்டிருக்கிறது. நல்ல சிரிப்பு. அன்பான சிரிப்பு. இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்... என்னிடம் இல்லை, நான் என்னைப் பார்த்துக்கொண்டதில்லை, வேறு எங்கோ, நிறையத் தடவை, எதிரே, ரொம்பப் பக்கத்தில்.

ஐரீன். முதல் பீப்பாய் காய்ச்சிய வருஷம், அடித்தள அறையில், ஏணிப்படியில் உட்கார்ந்து, என் பெண்டாட்டி, இதே புருவம், "நல்லா கெட்டியா இருக்கு ஓரெஸ்ட்," என்றாள். கெட்டி. சாதாரணமாகக் கெட்டியாக இருப்பதை அவளுக்குப் பிடிக்கும், சூப்பு, கம்பளி, அதனால் நான் சந்தோஷப்பட்டேன். இப்போது குடிப்பதில்லை, டாக்டர் வேண்டாம் என்றாராம்... எந்த டாக்டர், அவள் போனது கண் டாக்டரிடம். போன கிறிஸ்துமஸுக்கு அவள் அக்கா வீட்டில் கையில் என்ன வைத்திருந்தாள், மான், மானேதான், நான் உள்ளே வந்ததும் அக்காவுடையது, பிடித்துக்கொள்ளச் சொன்னாள் என்றாள், நானும் சரி என்று கோட்டைக் கழற்றினேனே. இதே லோர்ன், நிச்சயதார்த்தத்தன்றைக்கு ஒரு புட்டி கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தார், முடித்துவிட்டு, "வித்தியாசமா இருக்குய்யா," என்றார். வித்தியாசம். எங்கள் ஊரில் பெண்கள் தலைமுடியை வெட்டிக் கெடுத்துக்கொண்டு வந்தால் இந்த வார்த்தையைத்தான் சொல்வோம், நானே சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா, எனக்கா தெரியாது. டோரீன், "நிறைய உழைச்சிருக்கீங்க ஓரெஸ்ட்டு." அந்த டோரீன் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு முழுக்க என் புட்டிகள், கிளப்புக்கு என்று நான் இலவசமாகக் கொடுத்தது, எப்போது எட்டிப் பார்த்தாலும் நிறைந்திருக்கும், பாவம், தீரத் தீர நிரப்பி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம்தானே வந்து வாங்க வேண்டும்... நான் எத்தனை தடவை கொடுத்தேன்? ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. எந்தக் கோடையில்? யோசி, யாராவது, இவ்வளவு வருஷத்தில் எவனாவது ஒருத்தன், குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்து என்று கேட்டிருக்கிறானா. பாராட்டியிருக்கிறார்கள், எல்லோரும் பாராட்டினார்கள், எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள், நான் அரை மணி நேரம் விளக்கினேன், தம்ளர் கையில் அப்படியே இருந்தது, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள், காப்பி குடிக்கிறீங்களா சார். வயல் முழுக்க ஒடிந்து கிடந்திருக்கிறது, நான் நடுவில் நின்று விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இல்லை, இப்படியெல்லாம் அவசரப்படக் கூடாது, கண்ணாடியில் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு... நான் என்ன முட்டாளா, என் பியரில் குறை இருந்தால் எனக்கே தெரியாதா, மூக்கு இருக்கிறது, வில்லை இருக்கிறது. ஆனால் வில்லை யாருடைய பியரைக் குடித்துப் பார்த்து வாங்கினேன், ஊரார் பியரை. சொந்தப் பிள்ளை பாடினால் சுருதி கேட்குமா எனக்கு. வாய்க்குள் இன்னும் அந்தச் சோளம் நின்றுகொண்டிருந்தது, அதன் மேல் புதிதாக ஒரு கசப்பு, தொண்டைக்குக் கீழே போன பிறகு வருமே என்று காத்திருந்தேனே, இப்போது வருகிறது, தாராளமாக வருகிறது, இது மானுடைய கசப்பில்லை. லோர்ன் தொண்டையைச் செருமினார். தம்ளரை நகர்த்தி வைத்தார், மீசையைத் துடைத்துக்கொண்டார், பழுதான எஞ்சினைப் பற்றிக் கெட்ட செய்தி சொல்வதற்கு முன் இப்படித்தான் செய்வார், "நான் ராத்திரி பூரா யோசிச்சேன்யா," என்றார், "நம்ம பசங்க கல்யாணத்துக்கு உன் பியரே இருக்கட்டும். பொண்ணோட அப்பன் கையால காய்ச்சினது. அத விட்டுட்டு கடையில போயி வாங்குவாங்களா? நல்லாருக்காது. நான் என் ஆளுங்ககிட்ட சொல்லிக்கிறேன்." எது நல்லாருக்காது? ஆளுங்ககிட்ட என்ன சொல்வார்? ஒரு தம்ளர் குடிச்சிருங்கப்பா, ஒரே ஒரு தம்ளர், பாவம் ஓரெஸ்ட்டு, அப்புறம் வண்டியில மான் வெச்சிருக்கேன்... ஜூன் மாத ஹால் கண்ணில் தெரிந்தது, நூற்றைம்பது பேர், நூற்றைம்பது கறுப்புத் தம்ளர், நூற்றைம்பது சந்தோஷப் புருவம், நடுவே வெள்ளை உடுப்பில் என் பெண், அவள் பெயரை ஆளாளுக்கு உதட்டில் வைத்து, விழுங்கி, சிரித்து, மெதுவாக ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு நகர்கிறார்கள்... ஜெயித்துவிட்டாய் ஓரெஸ்ட், இந்த மேஜைக்கு எதற்கு வந்தாயோ அது நடந்துவிட்டது, ஏன் கை ஜில்லிட்டுப் போயிருக்கிறது, தம்ளரைப் பிடித்திருப்பதால் இருக்கும், குளிர்ச்சியாக இருக்கிறது என்று நீதானே சொன்னாய்.

"என்ன, ரெண்டு பெரியவங்களும் உயிரோடதான் இருக்கீங்களா?" லாரிசா. சமையல்கட்டிலிருந்து வருகிறாள், கிளப் சாப்பாட்டுக்குப் பெரோகிக் கொழுக்கட்டை அவிக்கிறார்கள், முகமெல்லாம் ஆவி, நெற்றி முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது, கையில் காலித் தட்டு, மேலங்கியில் மாவு. "ஒரு மாதிரியா பேசி முடிச்சிட்டோம்மா," என்றார் லோர்ன், "உங்கப்பா ஜெயிச்சாரு. கல்யாணத்துக்கு லாரிசாதான், பொண்ணும் லாரிசா, பியரும் லாரிசா." நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு, பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு கணம் முகம் விழுந்தது, கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது, அப்புறம் உதட்டு ஓரம் மேலே போனது, புருவம் ஏறி அதன் இடத்தில் போய் நின்றது, "ரொம்ப சந்தோஷம்ப்பா," என்றாள், குனிந்து என் தலையில் முத்தம் கொடுத்தாள், சுட்ட வெங்காய வாசனை. கேட்கலாமா. கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன், "ஏம்மா, அந்தப் பியரு உனக்குப் பிடிக்கும்தானே?" அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், லோர்ன் திடீரென்று முட்டை ஜாடியின் மூடியை ஆராய ஆரம்பித்தார். "என் பேர வெச்சிருக்கீங்களேப்பா," என்றாள் லாரிசா. கனிவாகத்தான் சொன்னாள். எவ்வளவு கனிவு என்றால், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் அவளால் தாங்க முடியாது என்பது எனக்குப் புரிகிற அளவுக்கு.

"அய்யோ, உள்ள என்னா சூடு, இத முடிக்கப்போறீங்களா நீங்க?" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை, என் முன்னால் பாதிக்கு மேல் மிச்சமிருந்த தம்ளரை எடுத்தாள், தலையைப் பின்னால் சாய்த்தாள், மடக் மடக்கென்று குடித்தாள், நிற்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. சுளிப்பு இல்லை, சிரிப்பு இல்லை, புருவம் அதுபாட்டுக்கு இருந்தது, யாருக்காகவும் எதையும் அங்கே நிறுத்திவைக்க வேண்டியிருக்கவில்லை, வேறு எதையோ, அடுப்பில் கொதிக்கிற தண்ணீரையோ என்னவோ யோசித்துக்கொண்டு, தாகத்துக்குக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். ஒரு சின்ன ஏப்பம், "மன்னிச்சுக்குங்க மாமா," என்று லோர்னிடம் ஒரு சிரிப்பு, அது வேறு சிரிப்பு, நிஜச் சிரிப்பு, தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். இந்தச் சாக்கடைத் தண்ணீரால் இது முடிகிறதே, நான் புகை போட்டு, பீட்ரூட் சுட்டு, ராத்தூக்கம் விட்டு, ஒரு பெண்ணின் முகத்தை இப்படிச் சும்மா இருக்க விட என்னால் முடியவில்லையே என்று நினைத்தபோது குமட்டல் திரும்ப வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "லாரிசா," என்று கூப்பிட்டேன். நின்றாள், திரும்பவில்லை. "இன்னும் முடிவாகலம்மா. நாங்க இன்னொரு ரவுண்டு பேசிக்கிறோம்." லோர்னின் வாய் திறந்தபடி நின்றது, "யோவ், நாந்தான் விட்டுக்குடுத்துட்டேனேய்யா, அப்புறம் என்ன பேச்சு," என்றார், நான் அவரைப் பார்க்கவில்லை, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேலங்கியின் முடிச்சுக்கு மேலே இரண்டு தோளும், இவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தவை என்று நான் கவனிக்கவே இல்லை, மெல்லக் கீழே இறங்கின, "சரிப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆவிக்குள் போய்விட்டாள்... களைப்பாகவும் இருக்கலாம், காலையிலிருந்து நிற்கிறாள், தோள் இறங்குவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், ஒரு முதுகை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்...